டிரம்மும் வாளியும் போதும். இனி அரிசியை வாங்குங்கள்

மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் அது. வாய்க்கால் தூர்வாரவில்லை, பயிர்க் காப்பீடு வரவில்லை, கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று வழக்கமான குரல்கள் ஒலித்து முடிந்தன. கடைசி வரிசையில் இருந்து ஒரு விவசாயி எழுந்தார்.

"அய்யா, டிரம் குடுத்தீங்க, வாளி குடுத்தீங்க. மீன் அமிலம் எப்படிச் செய்யறதுன்னு சொல்லியும் குடுத்தீங்க. எல்லாம் சரி. வீட்டுல பதினெட்டு மூட்டை கருப்பு கவுனி கிடக்கு. அதை யாரு வாங்குவா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி குறித்துக்கொண்டார். அடுத்த மனு அழைக்கப்பட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் டெல்டாவில் நான்கு ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் நெல் பயிரிடுபவன். அரசு மானியத்தில் தொடங்கிய ஒரு குழுவில் மூன்று ஆண்டுகள் இருந்தவன். அவர் கேட்டது அவர் ஒருவரின் கேள்வி அல்ல. இயற்கை வேளாண்மைக்கு அரசு பணம் ஒதுக்குகிறது; அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கே தேவையோ அங்கே போகிறதா என்பதுதான் கேள்வி.

அரசு என்ன தருகிறது?

மத்திய அரசின் பாரம்பரிய வேளாண்மை மேம்பாட்டுத் திட்டம் 2015-16 முதல் நடைமுறையில் உள்ளது. விவசாயிகளைத் தொகுப்புகளாகச் சேர்த்து, பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பாளர் உத்தரவாத முறையில் சான்று பெற வைப்பது இதன் நோக்கம். தற்போதைய வழிகாட்டுதலின்படி எக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ரூ.31,500. இதில் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது இடுபொருளுக்கான ரூ.15,000. பயிற்சிக்கும் திறன் மேம்பாட்டுக்கும் ரூ.9,000. சந்தைப்படுத்தல், பொட்டலமிடுதல், மதிப்புக்கூட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூ.4,500. சான்றளிப்புக்கும் எச்சப் பரிசோதனைக்கும் ரூ.3,000.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்கைச் சேர்த்து ரூ.2,481 கோடி ஒதுக்கீடு. இதில் ஒரு விவசாயிக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.4,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை உண்டு.

தமிழ்நாடு அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடப்படுகிறது. நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் நடக்கிறது. 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியானது. 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை கிடைக்கிறது.

பட்டியல் நீளம்தான். ஆனால் மேலே சொன்ன ரூ.31,500-ஐ மறுபடி பாருங்கள். மண்ணில் போடுவதற்கும் வகுப்பில் உட்காருவதற்கும் ரூ.24,000. விற்பதற்கு ரூ.4,500. நாம் தடுக்கி விழுவது விற்பனையில். அரசு கைகொடுப்பது இடுபொருளில்.

ஓர் ஏக்கர் கணக்கு

இடுபொருளுக்கான ரூ.15,000-ஐ மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து, எக்டேரை ஏக்கராக்கினால் ஆண்டுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ ரூ.2,000 வரும்.

இப்போது மறுபக்கம். உரம் போட்டுப் பழகிய வயலில் திடீரென நிறுத்தினால் முதல் சில பருவங்களில் மகசூல் குறையும். இதை மறைத்துப் பேசுபவர்கள் இயற்கை வேளாண்மைக்கு நன்மை செய்யவில்லை. ஏக்கருக்கு 22 குவிண்டால் எடுத்தவர் 17 குவிண்டால் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்கு ரூ.2,500, சன்ன ரகத்துக்கு ரூ.2,545. சாதாரண ரகக் கணக்கில் ஐந்து குவிண்டால் இழப்பு என்றால் ரூ.12,500.

உரச் செலவு மிச்சமாகிறதே என்பீர்கள். யூரியா 45 கிலோ மூட்டை ரூ.266.50. இரண்டு மூட்டை ரூ.533. டி.ஏ.பி. ஒரு மூட்டை ரூ.1,350. பொட்டாஷ், பூச்சிமருந்து எல்லாம் சேர்த்து ரூ.4,000 மிச்சம் என்றே தாராளமாக வைப்போம். அப்போதும் ரூ.8,500 துண்டு விழுகிறது. தொழுவுரம் வண்டி வைத்து இறக்கும் செலவும், கூடுதலாக ஒரு முறை களை எடுக்கும் ஆள் கூலியும் இதில் சேரவில்லை.

எதிரே நிற்பது ரூ.2,000. இயற்கை வேளாண்மை இயக்கத்தின் ரூ.4,000 இதைவிட மேல்தான். ஆனால் அதுவும் இரண்டே ஆண்டுக்கு.

மண் திரும்பி வந்த பிறகு இந்த இழப்பு குறைகிறது. என் வயலில் மண்புழு தென்பட்டது, தண்ணீர் கட்டும் நாள் இடைவெளி கூடியது, எல்லாம் உண்மை. ஆனால் அதுவரை தாங்குவது யார்? சொந்தமாக இரண்டு வேலி வைத்திருப்பவர் தாங்குவார். நகரத்து வேலையில் பிள்ளை இருப்பவர் தாங்குவார். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர் எப்படித் தாங்குவார்? குத்தகைதாரரிடம் பட்டா இல்லை என்பதால் பல திட்டங்களின் வாசலுக்கே அவர் வர முடிவதில்லை என்பது தனிக் கதை.

கேட்காமலே கிடைக்கும் மானியம்

யூரியா வாங்கப் போனால் ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்தால் போதும். குழு சேர வேண்டாம், பயிற்சிக்குப் போக வேண்டாம், புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டாம். அந்த மூட்டைக்கு அரசுக்கு ஆகும் உண்மைச் செலவு நாம் கொடுக்கும் விலையைப்போலப் பல மடங்கு. வித்தியாசம் முழுவதும் மானியமாக நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. 2024-25 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் ரூ.1.64 லட்சம் கோடி. இயற்கை வேளாண்மை இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு அதில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். அதுவும் ஓராண்டுக்கான தொகை அல்ல.

உர மானியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடுத்தார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை அடிவாங்கியது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றத்துக்கு ஆகும் செலவை விவசாயி தலையில் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடம்.

நான் கேட்பது வேறு. யூரியா மூட்டையை வாங்காத விவசாயி அந்த மூட்டைக்கான மானியத்தை அரசுக்கு மிச்சப்படுத்துகிறார். அந்த மிச்சத்தில் அவருக்குப் பங்கு உண்டா?

இது புதிய யோசனை அல்ல. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். பிரணாம் திட்டத்தில், ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, அதனால் மிச்சமாகும் மானியத்தில் 50 சதவீதம் மானியத் தொகையாகத் திரும்பத் தரப்படும் என்று இருக்கிறது. மிச்சப்படுத்தினால் பங்கு என்ற கொள்கையை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் பங்கு மாநிலக் கருவூலத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சப்படுத்திய வயலுக்கு வருவதில்லை.

நான்காம் ஆண்டில் என்ன நடக்கிறது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் மூன்று ஆண்டும் கூட்டம் நடந்தது. ஒருவர் வயலை ஒருவர் பார்த்தோம், படிவம் நிரப்பினோம், சான்று வந்தது. மூன்றாம் ஆண்டோடு திட்டம் முடிந்தது. கணினியில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்த இளைஞர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். சான்று ஒருமுறை வாங்கி மாட்டிவைப்பது அல்ல, ஆண்டுதோறும் புதுப்பிப்பது. புதுப்பிக்க ஆள் இல்லை. நான்காம் ஆண்டு என் தூயமல்லி சான்று இல்லாத நெல்லாகிவிட்டது. வயல் அதே வயல், சாணம் அதே சாணம். வியாபாரி, "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாதாரண நெல் விலையைச் சொன்னார். கொடுத்துவிட்டு வந்தேன்.

குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த குறுவைக்கே யூரியாவுக்குத் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மானியத்துக்காகச் சேர்ந்தார்கள், மானியம் நின்றதும் போய்விட்டார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். சிலர் அப்படிச் சேர்ந்ததும் உண்மைதான். ஆனால் மூன்று ஆண்டு நின்று பார்த்து, மண் தேறிவரும் நேரத்தில் கைவிடப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். ஓராண்டுப் பயிர்களுக்கு மாறுதல் காலமே இரண்டு ஆண்டு. தென்னை, மா போன்றவற்றுக்கு மூன்று. முழுச் சான்று கையில் வந்து விற்கத் தொடங்கும்போது திட்டம் பெட்டியைக் கட்டிவிடுகிறது.

செக்குக்குப் பணம், சரக்குக்கு இல்லை

நெல்லாக விற்காதே, அரிசியாக, அவலாக, மாவாக விற்பனை செய் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். சரியான யோசனை. அதற்குத் திட்டமும் இருக்கிறது. 2020-ல் ரூ.10,000 கோடி மதிப்பில் அறிவிக்கப்பட்ட, பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில், திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் மானியம். இயற்கை விளைபொருள் என்றில்லை, எந்த உணவுத் தொழிலுக்கும் பொருந்தும். மரச்செக்கு, சிறு அரிசி ஆலை, மாவு அரைக்கும் இயந்திரம் போட்டவர்கள் பலர் இதில் பயனடைந்திருக்கிறார்கள்.

ஆனால் இது கடனோடு இணைந்த மானியம் என்பதைப் பலர் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். வங்கி கடன் கொடுத்தால்தான் மானியம். கைப்பணமாகக் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். மானியம் கையில் வராது. கடன் கணக்கோடு சேர்ந்த தனிக் கணக்கில் நிற்கும். மூன்று ஆண்டு தவணை தவறாமல், தொழிலும் நடந்துகொண்டிருந்தால் கடனில் கழிக்கப்படும். மானியத்தைத் தின்றுவிட்டு ஓடுபவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடு தேவைதான்.

சிக்கல் வேறு இடத்தில். இயந்திரத்துக்கு மானியம் உண்டு. அதில் போட்டு அரைக்கச் சரக்கு வாங்கும் பணத்துக்கு இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் சீரகச் சம்பாவும் தை, மாசியில் அறுவடையாகும். அதே மாதத்தில் குழு உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்து வாங்கி, பழைய அரிசியாக்க மாதக்கணக்கில் இருப்பு வைத்து, ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விற்க வேண்டும். அந்த முதல் இல்லாததால், இயந்திரம் வாங்கிய இடத்தில் ஒரு பக்கம் வௌவால் தொங்குகிறது, இன்னொரு பக்கம் விவசாயி வியாபாரியிடம் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார். சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு உறுப்பினருக்கு ரூ.40,000 வரை விதை மூலதனம் இதே திட்டத்தில் உண்டு. அதை நடைமுறை மூலதனமாகவும் பயன்படுத்தலாம். அந்த ஏற்பாட்டை விரிவாக்குவதில் என்ன தடை?

மாற்ற வேண்டிய நான்கு

முதலாவது, மாறுதல் கால இழப்புக்கு நேரடித் தொகை. மிச்சமாகும் உர மானியத்தில் ஒரு பங்கு, குழுவின் சான்றையும் உரக்கடை விற்பனைப் பதிவையும் ஒப்பிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு விவசாயியின் கணக்கில் ஏற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் உரம் வாங்கிப் போட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஊரில் யார் வயலுக்கு எந்த மூட்டை போனது என்பது குழு உறுப்பினர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பங்கேற்பாளர் உத்தரவாதம் என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான்.

இரண்டாவது, நான்காம் ஆண்டுக்கும் சான்று. வட்டாரத்துக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு நியமித்து, திட்டம் முடிந்த குழுக்களின் பதிவேடுகளைப் புதுப்பிப்பதை மட்டும் அவர் வேலையாக்க வேண்டும். புதிதாக ஒரு தொகுப்பு தொடங்கும் செலவை விட, இருக்கிற தொகுப்பைக் காப்பாற்றும் செலவு குறைவு.

மூன்றாவது, அரசே வாங்க வேண்டும். இன்று குறைந்தபட்ச ஆதரவு விலையில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. நஞ்சில்லாமல் விளைவித்ததும் மற்றதும் ஒரே குவியலில் விழுகின்றன. எல்லா நிலையத்திலும் உடனே மாற்றச் சொல்லவில்லை. வட்டாரத்துக்கு ஒரு நிலையத்தில், பருவத்துக்குச் சில நாட்கள், சான்று பெற்ற நெல்லுக்கு மட்டும் என்று ஒதுக்கி, ஓர் ஊக்கத்தொகையோடு வாங்கலாம். அந்த அரிசி மாணவர் விடுதிகளுக்கும், சத்துணவுக்கும் போகட்டும். காலை உணவுத் திட்டத்துக்குச் சிறுதானியமும் காய்கறியும் உள்ளூர்க் குழுக்களிடம் வாங்கலாம். வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கினால்கூட, எவ்வளவு விற்கும் என்று விதைக்கும் முன்பே விவசாயிக்குத் தெரியும்.

நான்காவது, உணவுத் தொழிலுக்குச் சரக்குக் கடன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி இருக்கிறது. ஆனால் கருப்பு கவுனியைச் சாதாரண நெல் விலையில் மதிப்பிட்டால் பயனில்லை. மரபு ரகங்களுக்கும் சான்று பெற்ற விளைபொருளுக்கும் தனி மதிப்பு போட்டு, வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்றால், கிடக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும்.

பணக்காரர் சாப்பிட நாம் ஏன் மானியம் தர வேண்டும்?

இந்தக் கேள்வியை நண்பர்களே கேட்கிறார்கள். இன்று நகரத்துக் கடையில் இயற்கை அரிசி விற்கும் விலையைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். அதனால்தான் பொது உணவுத் திட்டங்களில் வாங்கச் சொல்கிறேன். விடுதிப் பிள்ளை சாப்பிட்டால் அது பணக்காரர் உணவாகாது.

போலிகள் பற்றிய கேள்வியும் நியாயமே. கடைக்குப் போகும் பொட்டலத்தில் 'ஆர்கானிக்' என்று அச்சிட, தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்றோ பி.ஜி.எஸ். சான்றோ வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. சிறு விவசாயி நேரடியாக நுகர்வோருக்கு விற்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. விதி இருக்கிறது, கடையில் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. போலி விற்றால் முதலில் அடிபடுவது உண்மையாக விளைவிப்பவர்தான். ஆகவே எச்சப் பரிசோதனையை அதிகமாக்குங்கள் என்று கேட்க வேண்டியவர்களே நாம்தான்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை

அரசு மாறும்வரை வயல் காத்திருக்காது. என் பிழைகளில் இருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில், எந்தச் சர்வே எண்ணில், என்ன போட்டீர்கள் என்று எழுதுங்கள். வாங்கிய விதைக்கும் புண்ணாக்குக்கும் ரசீதை ஒட்டிவையுங்கள். சான்று புதுப்பிக்க முதலில் கேட்பது இதைத்தான். குழுவில் கணினி தெரிந்த ஒருவரை நம்பாமல் இருவரைப் பழக்குங்கள்.

பக்கத்து வயலில் மருந்து அடித்தால் உங்கள் வயலும் கணக்கில் வரும். வரப்பை உயர்த்துங்கள். வரப்போரம் இடைவெளி விட்டு, அந்த ஓர விளைச்சலைத் தனியாக அறுத்துக்கொள்ளுங்கள். வயல்களைப் படிப்படியாக மாற்றுவதானால், எந்த வயல் எந்த ஆண்டு என்று குழுவில் எழுதிக் கொடுங்கள். ஒரே ரகத்தை இரண்டு முறையிலும் பயிரிடாதீர்கள். சான்றுக்குச் சிக்கல் வரும்.

ரகத்தைத் தேர்வு செய்யும் முன் வாங்குபவரைத் தேடுங்கள். விலை அதிகம் என்று கேள்விப்பட்டு ஊரே கருப்பு கவுனி போட்டால், பதினெட்டு மூட்டை வீட்டில்தான் கிடக்கும். உண்ணும் அரிசிக்கு ஒன்று, பலகாரத்துக்கு ஒன்று எனக் குழுவுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் வாங்குவதானால் முதலில் வங்கி, பிறகு விண்ணப்பம், அதன்பின் விலைப்புள்ளி தந்த கடை. வரிசை மாறினால் மானியம் போய்விடும்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒன்று. உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் எத்தனை கிராமத்துக்கு ஓடுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் மாத அறிக்கையில் எத்தனை எக்டேர், எத்தனை பயிற்சி, எத்தனை டிரம் என்று பத்திகள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையைக் காட்டினால் இலக்கு முடிந்தது. அதில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி மேலே எழுதுங்கள்: தொகுப்பில் விளைந்ததில் எத்தனை குவிண்டால் விற்றது, என்ன விலைக்கு?

அந்தப் பத்தியில் முதல் ஆண்டு பெரும்பாலும் சுழியம்தான் இருக்கும். இருக்கட்டும். சென்னையில் திட்டம் எழுதுபவர்கள் அந்தச் சுழியத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் அடுத்த ஆண்டு டிரம்முக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் கொள்முதலுக்கு நகரும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அந்த விவசாயியிடம் பேசினேன். அடுத்த சம்பாவுக்கு என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். "மண்ணு இப்பத்தான் கொஞ்சம் பிடிச்சிருக்கு. விட மனசு இல்ல. ஆனா இந்தப் பதினெட்டு மூட்டை போனாத்தான் அடுத்ததைப் பத்தி யோசிக்க முடியும்" என்றார்.

அவர் இயற்கை வேளாண்மையில் நீடிப்பதும் யூரியாவுக்குத் திரும்புவதும் இன்னொரு பயிற்சி முகாமால் முடிவாகப்போவதில்லை. அந்தப் பதினெட்டு மூட்டை விற்கிறதா என்பதில்தான் இருக்கிறது.